டி-ஷர்ட் லேபிளில் பிரெஞ்சு, புதுச்சேரி சட்டத்தில் பிரெஞ்சு... 'ஆட்சிமொழி'ங்கிற பட்டம் யாருக்குச் சோறு போடுது?

திருப்பூர் காதர்பேட்டை எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளில் சல்லிசான விலைக்கு டி-ஷர்ட் அள்ளிய அனுபவம், கோவை - திருப்பூர் பக்கத்துப் பசங்களுக்கு நிச்சயம் இருக்கும். அடுத்த முறை விலையைப் பார்க்கும் முன்னாடி, கழுத்துக்குப் பின்னால் தைத்திருக்கும் லேபிளைக் கொஞ்சம் பாருங்க. கனடா ஆர்டருக்காகத் தைத்த சரக்காக இருந்தால், '100% காட்டன்' என்பது இரண்டு தடவை இருக்கும். இரண்டாவது தடவை, ஆங்கில ஸ்பெல்லிங்கில் இருக்கும் இரண்டு 'டி'-யில் ஒன்று காணாமல் போயிருக்கும். அச்சுப்பிழை இல்லைங்க. அது பிரெஞ்சு.

இதற்குக் காரணம் ஃபேஷன் இல்லை, சட்டம். கனடாவில் 1969-ல் வந்த ஆட்சிமொழிகள் சட்டம் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் சம தட்டில் வைத்தது. துணியில் என்ன நார் இருக்கிறது என்பதை இரண்டு மொழியிலும் சொல்லியே ஆகணும் என்பது அந்த நாட்டு ஜவுளி லேபிள் விதி. கியூபெக் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே. 1977-ல் கொண்டுவந்த பிரெஞ்சு மொழிச் சாசனத்தின்படி, 'சுடுநீரில் துவைக்காதே' என்று எழுதினால்கூட அதை பிரெஞ்சிலும் எழுதணும். நம்ம ஊரில் லேபிள் அச்சடிக்கும் யூனிட்டில் வேலை பார்ப்பவருக்கு பிரெஞ்சில் 'வணக்கம்' சொல்லத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கம்பளிக்கு 'லென்', பட்டுக்கு 'சுவா' என்பது எழுத்து மாறாமல் அச்சாகணும். மாறினால், கட்டிய பெட்டியைப் பிரித்து லேபிளை மாற்றும் செலவு நம்ம ஊர்க் கணக்கில்தான் ஏறும்.

ஆட்சிமொழி அந்தஸ்து என்றால் நடைமுறையில் இதுதான். ஒரு மொழி தெரியாதவனையும் அந்த மொழிக்கு வேலை செய்ய வைக்கிற அதிகாரம்.

இப்போ நியூஸுக்கு வருவோம். இதே பிரெஞ்சை கடந்த சில வருஷங்களில் மூன்று ஆப்பிரிக்க நாடுகள் ஆட்சிமொழி நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டன. 2023-ல் மாலி. அந்த வருஷக் கடைசியில் புர்கினா ஃபாஸோ. 2025 மார்ச்சில் நைஜர். அதே மார்ச்சில், பிரெஞ்சு பேசும் நாடுகளின் சர்வதேச அமைப்பிலிருந்தும் மூன்று நாடுகளும் வெளியேறுவதாக அறிவித்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த அமைப்புக்கு 1970 மார்ச் 20-ம் தேதி பிள்ளையார் சுழி போட்ட ஊர், நைஜரின் தலைநகரான நியாமேதான்!

"ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு போனால் சோமனூருக்கு என்னப்பா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சோமனூர், கருமத்தம்பட்டி பக்கம் பிளஸ் ஒன் சேரும் பிள்ளைகள் வீட்டில் ஒவ்வொரு ஜூனிலும் நடக்கும் பஞ்சாயத்து எது? "தமிழ் எடுக்கட்டுமா, பிரெஞ்சு எடுக்கட்டுமா?" பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்பது ஒரு கணக்கு. கனடா, பிரான்ஸ் போக உதவும் என்பது இன்னொரு கணக்கு. விசைத்தறிக் கூலிக்காக ஒவ்வொரு முறையும் போராடிச் சலித்து, 'நம்ம பிள்ளை தறிச்சத்தத்துக்குள்ள நிக்க வேண்டாம்' என்று முடிவெடுத்த பெற்றோருக்கு இந்த இரண்டாவது கணக்கு சும்மா பேச்சு இல்லை. பணம் போட்டு எடுக்கும் முடிவு.

அதனால், ஒரு மொழிக்கு ஆட்சிமொழி என்று பட்டம் கொடுத்தால் உண்மையில் என்ன கிடைக்கும், பட்டத்தைப் பறித்தால் என்ன போகும் என்பதைக் கொஞ்சம் கூர்ந்து பார்ப்பது நல்லது. அதற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போக வேண்டாம். ஒரு ராத்திரி பஸ் பிடித்தால் விடியும்போது இறங்கிவிடக்கூடிய ஊர் போதும்.

புதுச்சேரி: யாரும் துரத்தாமலே போன மொழி

வீக் எண்டு டிரிப் போனவர்கள் ஒயிட் டவுனில் 'ரூ' என்று ஆரம்பிக்கும் தெருப் பெயர்ப் பலகை முன்னால் செல்ஃபி எடுத்திருப்பீங்க. போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பலகைக்கும் தொப்பிக்கும் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது.

1954 அக்டோபர் 18. புதுச்சேரிக்குப் பக்கத்தில் கீழூர் என்ற சின்ன கிராமம். மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர்வதற்கு ஆதரவாக 170, எதிராக 8. நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படியான கைமாற்றம் அவ்வளவு சீக்கிரம் நடக்கவில்லை. 1956 மே 28-ல் டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்று, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் முழுமையாக நிறைவேறியது.

அந்த ஒப்பந்தத்தின் 28-வது பிரிவுதான் நம்ம கதை. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் வேறு மாதிரி முடிவெடுக்காத வரைக்கும், இந்தப் பகுதிகளின் ஆட்சிமொழியாகப் பிரெஞ்சே தொடரும் என்கிறது அது. அதாவது சுதந்திர இந்தியாவின் ஒரு மூலையில், இந்திய அரசே கையெழுத்திட்டு, பிரெஞ்சு ஆட்சிமொழி. இந்தி எதிர்ப்புக்காக தமிழ்நாடு தெருவில் நின்ற அதே காலகட்டத்தில்!

1965-ல் புதுச்சேரி சட்டமன்றம் ஆட்சிமொழிச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ் அரசு அலுவல்களுக்கான மொழி ஆனது. மாஹேவில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடம். ஆங்கிலத்தையும் பயன்படுத்தலாம். அப்போ பிரெஞ்சு? இங்கேதான் சட்டம் படித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். 'பிரதிநிதிகள் முடிவெடுத்துவிட்டார்கள், 28-வது பிரிவின் வேலை அன்றோடு முடிந்தது' என்பது ஒரு கட்சி. 'தமிழைச் சேர்த்தார்கள், பிரெஞ்சை நீக்கவில்லையே, ஆகவே அது இன்னமும் ஏட்டில் ஆட்சிமொழிதான்' என்பது இன்னொரு கட்சி. சமூக வலைதளங்களில் 'இந்தியாவில் பிரெஞ்சு ஆட்சிமொழியாக உள்ள ஒரே இடம்' என்று சுற்றும் கார்டுகள் இரண்டாவது கட்சிக்காரர்களின் வாதத்தை வைத்துப் போட்டவை.

என்னைக் கேட்டால், அந்த விவாதத்தில் யார் ஜெயித்தாலும் புதுச்சேரியில் ஒரு தாசில்தார் ஆபீஸ் மேஜைகூட நகராது. சாதிச் சான்றிதழுக்கு பிரெஞ்சில் மனு எழுதிக் கொடுத்துப் பாருங்க, தெரியும்.

ஏன் இப்படி ஆச்சு? யாரும் பிரெஞ்சைத் துரத்தவில்லை. அது செய்துகொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக வேறு மொழிக்குப் போய்விட்டன, அவ்வளவுதான். பிரெஞ்சு ஆட்சியில் மேல்முறையீடு பாரிஸ் வரைக்கும் போகும். 1962 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லை புதுச்சேரிக்கு நீண்டது. வழக்கு ஆங்கிலத்துக்கு மாறியது. டெல்லிக்கு எழுதும் ஃபைல் ஆங்கிலம். அதிகாரிகள் வந்தார்கள், அவர்களோடு ஆங்கிலமும் வந்தது. பக்கத்து ஊரான கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் பேச தமிழ் போதும். ஒரு இளைஞன் பிரெஞ்சு படித்தால் உள்ளூரில் கிடைக்கும் வேலை குறைந்துகொண்டே போனது. பட்டம் பத்திரமாக ஒப்பந்தத்தில் இருந்தது. சம்பளம் வேறு மொழியில் வந்தது.

அப்படியும் அங்கே பிரெஞ்சு செத்துப் போகவில்லை. அதற்கும் காரணம் ஆட்சிமொழி அந்தஸ்து இல்லை, பாஸ்போர்ட். 1881-ல் வந்த ஓர் ஆணை, இந்தியர்கள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர வழி திறந்தது. அப்படி வந்தவர்களுக்கு 'துறந்தவர்கள்' என்ற பொருளில் 'ரெனோன்சான்' என்று பெயர். புதுக் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் பிரெஞ்சு ராணுவத்திலும், சைகோனில் அரசு வேலையிலும் இருந்தார்கள். 1962-ல், பிரெஞ்சு குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று வாய்ப்பு தரப்பட்டபோது சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் தானாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள்.

ஆறு மாதத்தில் ஒரு கையெழுத்து. அதைப் போட்ட வீட்டுப் பேரப்பிள்ளைகள் இன்று பிரெஞ்சு அதிபர் தேர்தலில் புதுச்சேரியிலேயே ஓட்டுப் போடுகிறார்கள். ராணுவத்தில் இருந்த தாத்தாவுக்குப் பிரான்ஸிலிருந்து பென்ஷன் வந்தது. போடாத பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விசாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு வீட்டிலும் பேசுவது பெரும்பாலும் அதே தமிழ்தான். 1826-ல் தொடங்கிய பிரெஞ்சு லிசே பள்ளியும், 1889-லிருந்து இயங்கும் அலியான்ஸ் பிரான்ஸேயும் இன்றும் நடப்பது, அந்த மொழிக்குப் பின்னால் ஒரு விமான டிக்கெட் இருப்பதால்தான்.

சாஹெல்: பட்டம் போச்சு, வேலை போகலை

புதுச்சேரியில் நடந்ததை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டால் மாலி.

1960-ல் விடுதலை அடைந்த நாள் முதல் மாலியின் ஆட்சிமொழி பிரெஞ்சு. ஆனால் தெருவில், சந்தையில் ஓடுவது பம்பாரா. பெரும்பாலான மக்களுக்கு அது புரியும். பிரெஞ்சு பள்ளிக்கூடம் போனவர்களின் மொழி, போகாதவர்களுக்கு அது ஒரு பூட்டு. கோர்ட்டில் உங்கள் நிலத்தைப் பற்றி நடக்கும் வழக்கே உங்களுக்குப் புரியாது. (நம்மூர்ல உயர் நீதிமன்றத்தில் தன் வழக்கில் வக்கீல் என்ன வாதாடினார் என்று புரியாமல் வெளியே வந்து குமாஸ்தாவிடம் கேட்கும் ஆளை நினைத்துக்கொள்ளுங்க. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இன்னும் கிடைக்கவில்லை.)

2020, 2021 ஆட்சிக் கவிழ்ப்புகளுக்குப் பிறகு மாலியில் ராணுவம் உட்கார்ந்தது. பிரெஞ்சுப் படைகள் 2022-ல் வெளியேற்றப்பட்டன. 2023 ஜூனில் பொதுவாக்கெடுப்பு நடத்தி, ஜூலையில் புது அரசியல் சட்டம். அதில் 13 தேசிய மொழிகள் ஆட்சிமொழிகள் ஆயின. பிரெஞ்சு? 'அலுவல் நடத்தும் மொழி' என்று கீழே இறக்கப்பட்டது. புர்கினா ஃபாஸோவிலும் கதை கிட்டத்தட்ட அதேதான். அங்கே பிரெஞ்சோடு ஆங்கிலத்தையும் அலுவல் மொழி ஆக்கினார்கள். நைஜரில் ஹவுசா தேசிய மொழி, பிரெஞ்சும் ஆங்கிலமும் அலுவல் மொழிகள்.

இதைத்தான் கவனிக்கணும். பிரெஞ்சை இறக்கிய மாலியின் அரசியல் சட்டம் எழுதப்பட்ட மொழி பிரெஞ்சு. ஃபைல் பிரெஞ்சு, பாடப்புத்தகம் பெரும்பாலும் பிரெஞ்சு, பக்கத்து நாடான செனகலோடும் ஐவரி கோஸ்டோடும் கடிதப் போக்குவரத்து பிரெஞ்சு. 13 மொழியிலும் சட்டச் சொல், அறிவியல் சொல், ஆசிரியர், புத்தகம் எல்லாம் உருவாக்க ஒரு தலைமுறை ஆகும். அதற்கான பணமும் வேணும். அதுவரைக்கும் 'அலுவல் மொழி' என்ற பெயரில் அதே குமாஸ்தா அதே மொழியில் எழுதிக்கொண்டிருப்பார்.

அதற்காக 'சும்மா பெயர் மாற்றம்' என்று ஒதுக்கவும் எனக்கு மனசு வரவில்லை. 'உன் மொழிதான் இந்த நாட்டின் மொழி' என்று அரசியல் சட்டம் சொல்வது, அந்த மொழி பேசுவதற்காகக் கிண்டல் செய்யப்பட்ட ஒரு குழந்தைக்குப் பெரிய விஷயம். 1956-ல் சென்னை மாநில ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது மறுநாளே எல்லா ஃபைலும் தமிழுக்கு மாறிவிடவில்லைதானே! ஆனால் அந்தச் சட்டம் இல்லாமல் எதுவும் மாறியிருக்காது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லியாகணும். புதுச்சேரி ஒப்பந்தம் முடிவை மக்கள் பிரதிநிதிகள் கையில் கொடுத்தது. மாலி, புர்கினா ஃபாஸோ, நைஜர் மூன்றிலும் முடிவெடுத்தது துப்பாக்கியோடு வந்தவர்கள். மாலியில் மட்டும் வாக்கெடுப்பு நடந்தது, அதுவும் ராணுவ ஆட்சியின் கீழ். பிரான்ஸ் மேல் மக்களுக்கு இருக்கும் கோபம் நிஜம். அந்தக் கோபத்தைக் காட்டி தேர்தலைத் தள்ளிப்போடுவதும் நிஜம்.

பிரான்ஸிலேயே எப்படி வந்தது தெரியுமா?

'பிரான்ஸில் எல்லோரும் காலங்காலமாகப் பிரெஞ்சு பேசினார்கள்' என்பது நம்மில் பலர் நினைப்பு. இல்லை. 1539-ல் அரசர் முதலாம் பிரான்சுவா, சட்ட ஆவணங்களை லத்தீனில் எழுதாமல் பிரெஞ்சில் எழுதச் சொல்லி ஆணையிட்டார். ஆனாலும் 250 வருஷம் கழித்து, புரட்சிக் காலத்தில் 1794-ல் பாதிரியார் கிரகோரி கொடுத்த அறிக்கையின்படி, நாட்டில் பெரும்பான்மை மக்களுக்குப் பிரெஞ்சு சரளமாக வராது. பிரெத்தோன், ஒக்சித்தான், பாஸ்க், கோர்சிகன் என்று ஆளுக்கொரு மொழி. அப்புறம் பள்ளிக்கூடம் வந்தது. பிரெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனையாக ஒரு பொருளை மாட்டி நிற்க வைத்தார்கள். நம்ம ஊர் இங்கிலீஷ் மீடியத்தில் தமிழ் பேசினால் ஃபைன் போட்ட கதை ஞாபகம் வருதா?

'குடியரசின் மொழி பிரெஞ்சு' என்ற வரி பிரெஞ்சு அரசியல் சட்டத்தில் ஏறியது 1992-ல்தான். உலகத்துக்கே பிரெஞ்சை ஏற்றுமதி செய்த நாடு, ஆங்கிலம் உள்ளே வந்துவிடும் என்ற பயத்தில் தன் வீட்டுக் கதவுக்குப் பூட்டு போட்டது. 1994-ல் விளம்பரம், வேலை ஒப்பந்தம் எல்லாம் பிரெஞ்சில் இருக்கணும் என்று தூபோன் சட்டம் வேறு.

இன்று உலகில் 25-க்கும் மேற்பட்ட நாடுகளில் பிரெஞ்சுக்கு ஆட்சிமொழி இடம். ஐ.நா-வின் 6 ஆட்சிமொழிகளில் ஒன்று. ஒலிம்பிக்கில் அறிவிப்பு பிரெஞ்சிலும் வரும். சர்வதேசத் தபால் ஒன்றியத்தின் ஆட்சிமொழி பிரெஞ்சு என்பதால்தான் நம்ம ஊர் ஏர்மெயில் ஸ்டிக்கரில் 'பார் அவியோன்' என்று இருக்கும். 2022-ல் பிரெஞ்சு பேசும் நாடுகளின் அமைப்பு வெளியிட்ட கணக்கு, உலகில் 32.1 கோடிப் பேர் பிரெஞ்சு பேசுகிறார்கள் என்றது. அந்த எண்ணிக்கை ஏறுவது பாரிஸால் இல்லை, ஆப்பிரிக்காவால். காங்கோ ஜனநாயகக் குடியரசின் மக்கள்தொகை பிரான்ஸைவிட அதிகம். அங்கே ஆட்சிமொழி பிரெஞ்சு. ஆக, மூன்று நாடுகள் இறக்கிவிட்டதால் பிரெஞ்சு நாளைக்கே காலி என்று யாராவது ரீல்ஸ் போட்டால் நம்பாதீங்க. அதே சமயம் ருவாண்டா 2008-ல் பள்ளிக்கல்வியை ஆங்கிலத்துக்கு மாற்றியது, டோகோவும் கபோனும் 2022-ல் காமன்வெல்த்தில் சேர்ந்தன. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதும் தெரியத்தான் செய்கிறது.

பிரெஞ்சுக்குள் வாழும் தமிழர்கள்

மொரீஷியஸில் இன்னொரு வினோதம். அங்கே நாடாளுமன்றத்தின் ஆட்சிமொழி ஆங்கிலம், உறுப்பினர்கள் விரும்பினால் பிரெஞ்சில் பேசலாம். தெருவில் கிரியோல். தமிழுக்கு ஆட்சிமொழி அந்தஸ்து இல்லை. ஆனால் ரூபாய் நோட்டில் தமிழ் உண்டு! 1998-ல் புது நோட்டு அடித்தபோது தமிழுக்கு முன்னால் இந்தியைக் கொண்டுவந்துவிட்டார்கள். தமிழ் வம்சாவளியினர் கொதித்தெழ, அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வீட்டில் தமிழ் பேசுவது அநேகமாக நின்றுபோன ஒரு சமூகம், நோட்டில் ஒரு வரி கீழே இறங்கியதற்காகப் போராடியது. ஏட்டில் இருக்கும் இடத்துக்கு இவ்வளவு வலு இருக்கிறது என்பதை நான் இந்தக் கதையில்தான் ஒத்துக்கொள்கிறேன்.

மொன்ட்ரியலில் ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகளின் கதை வேறு. கியூபெக் சட்டப்படி, புலம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுவழிப் பள்ளிக்குத்தான் போகணும். அதனால் அங்கே வளர்ந்த தலைமுறை பள்ளியில் பிரெஞ்சு, டிவியில் ஆங்கிலம், அம்மாவிடம் தமிழ் என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலக்கும். டொரன்டோவில் இருக்கும் மச்சானுக்கு பிரெஞ்சு வராது. ஒரே நாடு, ஒரே குடும்பம், மாநிலச் சட்டம் வேறு.

தமிழ் பற்றியும் ஒன்று. தமிழ் சிங்கப்பூரில் ஆட்சிமொழி. ஆனால் 2020 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5%தான். இலங்கையில் 1956-ல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்டார்கள். 1987-ல் 13-வது திருத்தத்தில் தமிழும் ஆட்சிமொழி ஆனது. ஆனாலும் தமிழில் புகார் எழுத ஒரு போலீஸ் ஸ்டேஷனில் ஆள் இருப்பாரா என்பது இன்றும் ஊரைப் பொறுத்தது. புதுச்சேரி பிரெஞ்சுக்கு நடந்தது நமக்கு அந்நியமான கதை ஒன்றும் இல்லை.

சரி, பிரெஞ்சு எடுக்கலாமா?

சோமனூர் வீட்டுப் பஞ்சாயத்துக்குத் திரும்புவோம். எங்க பெரியம்மா பொண்ணு பிளஸ் டூ-வில் பிரெஞ்சு எடுத்து அள்ளிக் குவித்தாள். இன்று அவளுக்கு நினைவிருப்பது 'போன்ஷூர்', 'மெர்சி'. 'மெர்சி'கூட விஜய் படம் 'மெர்சல்' மாதிரி இருப்பதால் மறக்கலையாம்! மார்க்குக்காக எடுக்கிறோம் என்றால் அது மார்க்கோடு முடிந்துவிடும். தமிழை எழுதிப் படிக்கும் கடைசி இரண்டு வருஷத்தையும் அதற்கு விலையாகக் கொடுக்கிறோம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளணும். இதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

வெளிநாட்டுக்காக என்றால், இப்போது கதவு அகலமாகத் திறந்திருப்பது பிரான்ஸைவிட கனடாவில். தன் நாட்டில் பிரெஞ்சு பேசுபவர்களின் பங்கு குறைகிறதே என்ற கவலையில், கியூபெக்கிற்கு வெளியேயும் பிரெஞ்சு தெரிந்த குடியேறிகளைக் கொண்டுவர அந்த அரசு இலக்கு வைத்திருக்கிறது. 2023-லிருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே தனிச் சுற்று நடக்கிறது. பொதுச் சுற்றில் 500-க்கும் மேல் புள்ளி வேண்டியிருந்த 2024-ல், பிரெஞ்சு சுற்றுகள் சிலவற்றில் 400-க்கும் குறைவாக இருந்தவர்களுக்கே அழைப்பு போனது. ஆட்சிமொழி அந்தஸ்து ஒரு தனிமனிதனுக்கு நேரடியாகக் காசாகும் இடம் இது. பிரான்ஸோ, 2030-க்குள் 30,000 இந்திய மாணவர்கள் வேண்டும் என்று 2024 ஜனவரியில் அதிபர் மக்ரோன் அறிவித்தபோதே, பிரெஞ்சு தெரியாதவர்களும் வந்து சேரத் தனி வகுப்புகள் உண்டு என்று சொல்லிவிட்டது.

ஆனால் கனடா தனிச் சுற்றுக்கு கேட்பது, படிப்பது, பேசுவது, எழுதுவது நான்கிலும் அவர்களின் அளவுகோலில் 7-ம் நிலை. ஐரோப்பியக் கணக்கில் ஏறக்குறைய பி2. பிளஸ் டூ பாடத்தைக் கரைத்துக் குடித்தாலும் அந்த உயரத்துக்குப் பாதி வழிகூட வராது. மேற்கொண்டு ஒன்று, ஒன்றரை வருஷம் உட்கார்ந்து படிக்கணும். டெஃப், டிசிஎஃப் என்ற இரண்டு தேர்வுகளின் கனடா பதிப்பைத்தான் ஏற்றுக்கொள்வார்கள், பிரபலமான டெல்ஃப் சான்றிதழ் அங்கே செல்லாது. 'ஆறே மாதத்தில் கனடா பிரெஞ்சு' என்று ஃபோனில் விளம்பரம் வந்தால், ஃபீஸ் கட்டும் முன் எந்தத் தேர்வு, எந்த நிலை என்று அந்த இரண்டை மட்டும் கேளுங்க. எழுதிய தேர்வின் ரிசல்ட்டும் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும்.